முப்பத்தொன்றாம் கிடா

சூபுட்டில் மார்ச் மாதக் காற்று
யாரையும் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை.
தொழுவத்தின் தகரத்தை
விடியலிலிருந்து தட்டிக்கொண்டிருந்தது.
நாற்பது மெரினோ கிடாக்கள்
ஒடுங்கிய மரச் சந்தில் ஒன்றன்பின் ஒன்றாய்.
எவரிஸ்தோ நாவெல்பான் தலையைப் பிடிக்க
நான் பின்னால் குந்தியிருந்தேன்.
என் பிழைப்பு பின்பக்கத்தில்தான்.
பேக்கரிக்காரன்கூட அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான்
மீதிச் சில்லறை தருவான்.

முதலில் இரு உள்ளங்கையிலும் ஏந்துவேன்.
பிறகு நாடா.
முப்பத்திரண்டு சென்டிமீட்டர். முப்பத்தைந்து.
ஒருமுறை முப்பத்தொன்பது,
எவரிஸ்தோ விசிலடித்தான்.

வயல் விதைக்கு வெயில் வேண்டும்.
இந்த விதைக்கு ஆகாது.
உடம்பை விட்டு வெளியே வந்து
தனிக்குடித்தனம் நடத்துவது அதனால்தான்.
சூடாக இறங்கும் தமனி சுருண்டு சுருண்டு வர,
குளிர்ந்து திரும்பும் சிரைகள்
அவரைக்கொடிபோல் அதைச் சுற்றிப் படர்ந்து
வழியிலேயே சூட்டை வாங்கிக்கொள்கின்றன.
காற்று கடித்தால் பை சுருங்கி மேலேறும்.
வெக்கை வந்தால்
வெட்கம் விட்டுத் தொங்கும்.

உள்ளே அவசரம் என்பதே கிடையாது.
ஒரு விந்தணு உருவாக ஏழு வாரம்.
அதன்பின் விதையின் ஓரத்தில் ஒட்டிய சுருள்குழலில்
ஐம்பது மீட்டர் பயணம்.
நீந்தத் தெரியாமல் தலைப்பக்கம் நுழைவது
நீந்தத் தெரிந்து வால்பக்கம் சேர
இன்னும் இரண்டு வாரம்.
ஆகவே இன்று என் கண்ணாடித் தகட்டில் விழுவது
ஜனவரியில் தொடங்கியது.

ஜனவரியில் இங்கே என்ன?
பதினோரு நாள் அனல். பம்பு பழுது.
பம்பு ஓடியதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.
ஒன்பதாம் கிடா மறக்கவில்லை.
அதன் அணுக்களில் பாதி
தலை வேறு, வால் வேறு.
"ஏப்ரல் கடைசியில் மறுபடி" என்று எழுதினேன்.

முப்பத்தொன்று வந்தபோது
எலுனெட் பிரிச்சார்ட் வேலியில் ஏறி உட்கார்ந்தார்.
கண்காட்சியில் ரிப்பன் வாங்கிய கிடா.
விலையை அவர் யாருக்கும் சொன்னதில்லை.
அந்த வருடம் அவர் லாரி மாற்றவில்லை,
அவ்வளவுதான் தெரியும்.

முப்பத்தேழு சென்டிமீட்டர். இரண்டும் சமம்.
குறி நுனியில் மண்புழுக் குட்டிபோல் நீளும் அந்த இழை
முறியாமல் இருந்தது.
விரல்கள் மேலிருந்து இறங்கின.
வலது வால், நல்ல திராட்சைபோல்.
இடது வால்.
அங்கே ஒரு பட்டாணி.
வேகாத பட்டாணி.
கிடாவுக்கு வலியில்லை, அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"விந்தைப் பாருங்கள்" என்றார் எலுனெட்.
பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன்.
அந்தப் பெரிதாக்கத்தில் அணு தெரியாது, அலைதான் தெரியும்:
இருண்டு, வெளுத்து, புரண்டு,
ஒரு துளிக்குள் வானிலை மாறுவது.
"ஓடுகிறதே!"
"ஓடுகிறது. வலது பக்கத்து ஓட்டம்."
"ஒன்று போதாதா?"
போதும்.
பட்டாணி மட்டும்தான் என்றால் போதும்.
ஆனால் பெட்டைகள் இல்லாத மாதங்களில்
கிடா கிடாமேல் ஏறும்.
அப்படித்தான் புருசெல்லா வீடு மாறும்.
முப்பத்தொன்று யார் யார்மேல் ஏறியது என்று
காற்றைத்தான் கேட்க வேண்டும்.

ரத்தம் எடுத்தேன். சீசாவில் எண் எழுதினேன்.
முடிவு வரும்வரை தனிக் கொட்டகை என்றேன்.
நெற்றியில் இழுக்கச் சிவப்புக் கட்டியை எடுத்தபோது
அவர் வேலியிலிருந்து இறங்கினார்.
"எங்கே, காட்டு."

அவர் கை குளிர்ந்திருந்தது. கிடா காலை உதறியது.
பை சட்டென்று சுருங்கி மேலேற,
காத்திருந்தோம், மூவரும் ஒன்றும் பேசாமல்,
அவர் உள்ளங்கை சூடாகி
அது மெல்ல இறங்கி வரும்வரை.
பெருவிரல் தேடியது. கடந்தது. திரும்பியது.
நின்றது.

சிவப்புக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி
அவரே கோடிழுத்தார்,
கொம்புக்குக் கொம்பு,
கொஞ்சம் கோணலாக.

"அடுத்தது" என்றான் எவரிஸ்தோ.
முப்பத்திரண்டு உள்ளே வர மறுத்தது.